பாப்பாவுக்கு, அந்த கார்பன் ஃபிரேம் விஷயமாக

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். ஆயாவுக்கு இருமல் குறைந்துவிட்டது. வெயில்தான் இறங்கவில்லை.

நீ வாங்கப் பார்க்கிற பழைய சைக்கிள் ஃபிரேமின் படங்களைப் பார்த்தேன். எல்லாமே செயின் பக்கம். இடது பக்கம் ஒன்றுகூட இல்லை, பெடல் அச்சு உட்காருகிற பிபிக்கு அடியிலும் இல்லை. விற்கிறவர் காட்டுகிற பக்கத்தை மட்டும் பார்த்து 38,000 ரூபாயை எடுத்து வைக்காதே. முன் சக்கரத்தைப் பிடிக்கிற ஃபோர்க், அது திரும்புகிற ஹெட்செட் பேரிங், சீட் போஸ்ட், அதன் கிளாம்ப் எல்லாம் சேர்த்தா என்று முதலில் கேள். காற்றைக் கிழிக்கிற வடிவத்தில் இருக்கிற இந்த ஏரோ சீட் போஸ்ட் அந்த மாடலுக்கு மட்டும்தான் பொருந்தும். கிளாம்புக்குள் இருக்கிற சின்ன ஆப்புத் துண்டு இல்லையென்றால் தேடி அலைய வேண்டியதுதான். பின் கியரைத் தாங்குகிற ஹேங்கரும் அப்படியே, வாங்கும்போதே கூட ஒன்று வாங்கி வை. பில் இருக்கிறதா என்றும் கேள். பிபிக்கு அடியில் சீரியல் நம்பர் சுரண்டியிருந்தால் பேசாமல் திரும்பி வந்துவிடு.

மஞ்சள் வண்டிக்கு என்ன ஆச்சு என்று நீ எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. அலுமினிய ஃபிரேம் தானாகக் கெட்டுப்போகிற சாமான் இல்லை. சரி, இருக்கட்டும்.

நேரில் பார்க்கும்போது அவசரப்படாதே. ஃபிரேமைத் துடைத்துவிட்டு, பகல் வெளிச்சத்தில் பார். அலுமினியம் அடிபட்டால் நசுங்கும், கண்ணுக்குத் தெரியும். கார்பன் அப்படியில்லை. மேலே பெயிண்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கும். அதனால் ஐந்து ரூபாய் நாணயத்தால் மெதுவாகத் தட்டிக்கொண்டே போ. நல்ல இடம் கணீரென்று கேட்கும், பிரிந்த இடம் டொப்பென்று கேட்கும். குழாயின் தடிமன் இடத்துக்கு இடம் மாறும், பிபி பக்கம் எப்போதும் மந்தமாகத்தான் கேட்கும். ஆகவே பிபியிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகிற செயின்ஸ்டே குழாய்களில் இடதை வலதோடு ஒப்பிடு, மேல் குழாயான டாப் டியூபோடு ஒப்பிடாதே. கோடு தெரிகிற இடத்தைக் கட்டைவிரலால் அழுத்து. அமுங்கினால் வேண்டாம். அமுங்கவில்லை, நகத்துக்கும் தட்டுப்படவில்லை என்றால் பெரும்பாலும் பெயிண்ட் வெடிப்பு. பஞ்சை வைத்துத் தடவிப் பார்த்தால் பிசிறு எழுந்த இடத்தில் மாட்டும்.

முன்னால் மோதின வண்டி என்றால் அடி முதலில் தெரிவது சாய்ந்து இறங்குகிற டவுன் டியூபின் அடிப்பக்கம், ஹேண்டிலுக்குக் கீழே இருக்கிற ஹெட் டியூபுக்கு ஒட்டின இடம். அதை டார்ச் அடித்துப் பார். ஃபோர்க்கைக் கழற்றச் சொல். கழற்ற மாட்டேன் என்றால் வாங்காதே. ஃபோர்க்கின் மேல் தண்டான ஸ்டியரர் குழாயில் ஹேண்டிலைத் தாங்குகிற ஸ்டெம் பிடிக்கிற இடம், மேல் பேரிங் உட்காருகிற இடம், கீழே ஃபோர்க் இரண்டாகப் பிரிகிற கிரவுன், இந்த மூன்றையும் விரலால் சுற்றித் தடவு. டாப் டியூபில் விரிசல் என்றால் ஒட்டிச் சரிசெய்கிறவர்கள் உண்டு. ஸ்டியரரில் விரிசல் என்றால் ஃபோர்க்கையே தூக்கிப் போட வேண்டும். ஓடும்போது அது முறிந்தால் கையில் ஹேண்டில் மட்டும்தான் மிஞ்சும். சந்தேகம் இருந்தால் கார்பனை அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். மனிதர்களுக்கு என்றால் நம்ம வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி இருக்கிறது, காட்பாடியில் இறங்கினால் அரை மணி நேரம்.

அம்மா வீடியோவில் கூப்பிட்டால் நெட் இல்லை என்கிறாயாம். பெங்களூரில் நெட் இல்லையா என்று என்னைக் கேட்கிறாள். எனக்கு என்ன தெரியும்?

பணம் கொடுப்பதற்கு முன் சீட் போஸ்ட் வெளியே வருகிறதா பார். முதலில் பிபி குழாயை அள. 68 மி.மீ. அகலம், உள்ளே மரை இருந்தால் நிம்மதி, எந்த வேலையும் சுலபம். 86.5 அகலம், 41 துளை என்றால் அழுத்தி மாட்டுகிற வகை. ஷிமானோ கிராங்கின் 24 மி.மீ. ஆக்ஸிலுக்கு நேராகப் பொருந்தும், ஆனால் பேரிங் கப்பைக் கோணலாக இறக்கினால் ஆயுசுக்கும் கிறீச்சிடும். சுத்தியலால் தட்டாதே, பிரஸ் கருவியால்தான் இறக்க வேண்டும். மரை உள்ளதானால் செயின் பக்கத்துக் கப் இடதுமரை. இதை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, எட்டாவது படிக்கும்போதே கடையில் விஐடி பசங்களுக்கு நீ சொல்லிக்கொடுத்தவள்.

பாகத்துக்கு ஷிமானோ 105 ரிம் பிரேக் செட், முன்னால் 50/34 பல், பின்னால் கேசட்டில் 11-28 பல் போதும். பின் சக்கரம் உட்காருகிற இடைவெளி 130 மி.மீ. என்பதால் பழைய வீல் சேரும், அதுவும் நேராக இருந்தால். கார்பன் ரிம் கேட்டாயே, வேண்டாம். ஏலகிரி 14 வளைவும் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்கினால் சூட்டில் ரெசின் இளகிவிடும். அலுமினிய ரிம், 25 மி.மீ. டயர். 28 இந்த ஃபிரேமில் உரசும்.

கோர்க்கும்போது ஸ்டாண்டில் டாப் டியூபைக் கவ்வாதே, போஸ்ட்டைத்தான் கவ்வ வேண்டும். கார்பன் போஸ்ட்டுக்குக் கிரீஸ் போடாதே, மணல்போல் நறநறக்கும் கார்பன் பேஸ்ட் போடு. அப்போது குறைந்த இறுக்கத்திலேயே பிடிக்கும். போஸ்ட் கிளாம்ப், ஸ்டெம் இரண்டும் 5 நியூட்டன் மீட்டருக்கு மேல் வேண்டாம், பாகத்தில் இன்னும் குறைவாக அச்சிட்டிருந்தால் அதையே வை. கிராங்க் போல்ட் இரண்டும் 12 முதல் 14, மாற்றி மாற்றி இறுக்கு. கேசட் மூடி 40. கைக்கணக்கில் இறுக்காதே. கார்பன் ஸ்டியரருக்குள் நட்சத்திர நட்டை அடிக்கவே கூடாது, விரிகிற பிளக்தான். உள்ளே ஓடுகிற பழைய கேபிளை உருவுவதற்கு முன் அதன்மேல் லைனர் குழாயை ஏற்றிவிடு, இல்லையென்றால் புதுக் கேபிளைக் காந்தம் வைத்து இழுப்பதிலேயே ஒரு சாயங்காலம் போய்விடும். செயின் நீளத்துக்கு முன்னாலும் பின்னாலும் பெரிய பல்சக்கரத்தில் போட்டு, கியர் மாற்றுகிற டிரெய்லியரைச் சுற்றாமல் சேர்த்து, இரண்டு கண்ணி கூட வை.

ஸ்டியரரை உடனே வெட்டாதே. ஸ்டெம்முக்கு அடியில் 30 மி.மீ. வரை ஸ்பேசர் வைக்கலாம். தோள்பட்டையோ மணிக்கட்டோ வலித்தால் குனிந்து ஓட்ட முடியாது, அதற்காகச் சொல்கிறேன். உனக்கு வலிக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஸ்டெம் நீளமும் 100 மி.மீ. வேண்டாம், 90 போதும். மஞ்சள் வண்டி அளக்கிற நிலையில் இருந்தால் பிபி நடுவிலிருந்து சீட் மேல் வரை அளந்து அனுப்பு.

ஹெல்மெட்டைப் பார். உள்ளே இருக்கிற நுரை ஒரு தடவை அமுங்கினால் அவ்வளவுதான், மேல் ஓடு முழுசாக இருந்தாலும் அடுத்த அடியைத் தாங்காது. ஃபிரேம் ஒரு மாதம் கழித்து வாங்கலாம். ஹெல்மெட் முதலில்.

பிரஸ் கருவியை வாடகைக்கு எடுக்காதே, இங்கே இருக்கிறது. இறுக்கத்தை அளக்கிற டார்க் ரெஞ்சும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பிருந்தாவன் ரயிலில் நானே எடுத்து வருகிறேன். அம்மா முள்ளுக் கத்தரிக்காய் கட்டிக் கொடுப்பாள். வேலை இருக்கிறது, வேண்டாம் என்று சொல்லாதே. ஃபிரேமின் இடது பக்கத்தை நானே பார்த்துச் சொல்கிறேன். அதுவரை அட்வான்ஸ் கொடுக்காதே. தலைச் சுற்றளவை, புருவத்துக்கு மேலே டேப் வைத்து, சனிக்கிழமைக்குள் அனுப்பு.

அப்பா
சத்துவாச்சாரி