புளியரை வீட்டுத் தரை

அன்புள்ள சங்கரா,

நலம். புனலூரில் ஒரு வாரமாக மழை விட்டபாடில்லை. பெரியவளுக்குத் தை மாதம் கல்யாணம் என்று எழுதியிருந்தாய், ரொம்ப சந்தோஷம். அதற்குள் புளியரை வீட்டில், சிமெண்டில் காவி குழைத்துப் பூசிய சிகப்புத் தரையைப் பெயர்த்துவிட்டு டைல்ஸ் போட வேண்டும், தரை எந்நேரமும் ஈரமாகவே கிடக்கிறது என்கிறாய். டைல்ஸ் பேச்சைக் கொஞ்சம் ஒத்திப்போடு. அந்த ஈரம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

தரையை நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, இரண்டடிச் சதுரத்துக்குக் கனமான பாலிதீன் தாளை விரித்து, நாலு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விட்டுவிடு. ஹாலில் ஒன்று, சுவரோரம் ஒன்று, அடுப்படியில் ஒன்று. தாளுக்கு மேலே நீர் முத்து முத்தாக நின்றால் அது காற்றில் வந்த ஈரம். சாரல் நேரத்தில் கணவாய் வழியாக வருகிற காற்று குளிர்ந்த தரையில் பட்டு வியர்க்கிறது, அவ்வளவுதான். அதற்கு மருந்து ஜன்னலும் ஃபேனும். சொல்லப்போனால் விட்ரிஃபைடு டைல்ஸ், அதாவது கண்ணாடி மாதிரி இறுகச் சுட்டது, இந்த விஷயத்தில் இன்னும் மோசம். சிகப்புத் தரை கொஞ்சமாவது ஈரத்தை உறிஞ்சும், டைல்ஸில் அப்படியே வழுக்கும்.

தாளுக்கு அடியில் நனைந்திருந்தால் மண்ணிலிருந்து ஏறுகிறது. அப்போது மேலே எதைப் போட்டு மூடினாலும் ஈரம் போகாது. பக்கவாட்டில் ஒதுங்கிச் சுவரில் ஏறி, பெயின்டை உரித்து உப்பாகப் பூக்கும். நீ அனுப்பிய போட்டோவில் முற்றத்துக்குப் புதிதாகப் போட்ட சிமெண்ட் தளம் கிட்டத்தட்ட வீட்டுத் தரை மட்டத்துக்கே வந்துவிட்டதே, கவனித்தாயா? வீட்டுத் தரை வெளிமண்ணைவிட ஒன்றரை அடியாவது உயர்ந்திருக்க வேண்டும். என் சந்தேகம் முழுக்க அங்கேதான். அதை இறக்கி, வாட்டம் சுவரை விட்டு வெளிப்பக்கம் போகிற மாதிரி செய்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

அப்படியும் ஒரு அறையைத் தோண்டித்தான் ஆக வேண்டும் என்றால், அவசரப்பட வேண்டாம். தோண்டிய இடத்தை நிரப்பும்போது மண்ணை மொத்தமாகக் கொட்டித் தண்ணீர் விட்டால் மேல்பக்கம்தான் இறுகும், அடி பொலபொலவென்றே இருக்கும். இரண்டு மழைக்குப் பிறகு கட்டில் கால் இருக்கிற இடம் உள்வாங்கும். ஆகவே அரையடி அரையடியாகப் போட்டு, நனைத்து, திமிசுக் கட்டையால் இடித்து இறுக்க வேண்டும். மேலே நாலு அங்குலம் மணல், அதன் மேல் கனமான பாலிதீன் விரிப்பு. சேருமிடத்தில் அரையடி ஒன்றின்மேல் ஒன்று ஏறி, ஓரம் சுவரில் மடங்கி நிற்க வேண்டும். பிறகு நாலு அங்குலம் கான்கிரீட், சிமெண்ட் ஒன்றுக்கு மணல் நாலு, நாற்பது மி.மீ. ஜல்லி எட்டு. ஏழு நாள் தண்ணீர் கட்டு. இந்த விரிப்பை 'எதுக்கு சார்' என்று கேட்காத கொத்தனார் கிடையாது. நீ விட்டுக்கொடுக்காதே.

ஹால் தரையை மட்டும் உடைக்காதே என்பது என் கட்சி. நூல் கனத்து விரிசலுக்குச் சிமெண்டும் காவியும் குழைத்துத் தேய்த்தால் போதும். காவி, சிமெண்ட் எடையில் நூற்றுக்குப் பத்தைத் தாண்டக் கூடாது, தாண்டினால் பலம் போய்விடும். புதுப் பூச்சு பழைய நிறத்தோடு ஒருபோதும் சேராது. அதனால் பெயர்ந்த இடத்தைத் திட்டுத் திட்டாக ஒட்டாமல் கட்டம் முழுவதையும் மாற்றச் சொல். பராமரிப்புக்கு வெறும் தண்ணீர். மாதம் ஒருமுறை துணியில் துளி தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்து, உடனே காய்ந்த துணியால் எடுத்துவிட வேண்டும். எண்ணெய் தங்கினால் தூசி பிடிக்கும், வழுக்கும். சாரலில் அதுவும் வேண்டாம்.

அடுப்படிக்கும் பின்கட்டுக்கும் டைல்ஸ் போட்டுக்கொள். விட்ரிஃபைடு அரை சதவீதம் தண்ணீர்கூடக் குடிக்காது, அதனால் சிமெண்ட் பால் அதில் பிடிக்காது. டைல்ஸ் ஒட்டுகிற பசைதான் வேண்டும், இருபது கிலோ மூட்டை, மூன்று மி.மீ. கனத்துக்குச் சுமார் ஐம்பது சதுர அடி வரும். நாலு மூலையிலும் நடுவிலும் உருண்டை வைத்து ஒட்டுவார்கள், விடாதே. அடியில் பொள்ளலாக நிற்கிற மூலையில் அம்மிக்குழவி விழுந்தால் தெறித்துவிடும். பல்லுக் கரண்டியால் இழுக்கச் சொல்லி, ஒட்டிய ஒன்றை அங்கேயே பெயர்த்து முதுகைப் பார்: பசை முழுக்கப் படிந்திருக்க வேண்டும். மறுநாள் நாணயத்தால் தட்டினால் பொள்ளல் தனியாகக் கேட்கும். டைல்ஸுக்கு இடையில் இரண்டு மூன்று மி.மீ., சுவரோரம் ஆறு எட்டு மி.மீ. இடைவெளி விட வேண்டும். சுவரோரத்து இடைவெளியை, சுவரடியில் ஒட்டுகிற ஸ்கர்ட்டிங் பட்டை மறைத்துவிடும். இடமில்லாமல் நெருக்கி ஒட்டினால் சித்திரை வெயிலில் படாரென்று கூடாரம் போல எழும்பும்.

ஆசிட் பாட்டில் வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது. டைல்ஸுக்கு ஒன்றும் ஆகாது, இடுக்கிலுள்ள சிமெண்டைத் தின்றுவிடும். பூஜையறை மார்பிளைக் கெடுக்கப் புளித்தண்ணீரும் எலுமிச்சையுமே போதும், மினுமினுப்பு போய் வெள்ளைத் தழும்பு விழும். அது கறை இல்லை, கல்லே அரித்தது, தேய்த்தால் போகாது. கிரானைட்டுக்கு அந்தப் பயம் குறைவு.

சின்னவள் மாடியில் மரத்தரை கேட்கிறாளாமே? மரத்தூளை அழுத்திச் செய்த லேமினேட் பலகை சாரலில் ஊதும். ஆசைப்பட்டால் அடியில் ஃபோம் விரித்து, சுவரோரம் பத்து மி.மீ. விட்டுப் போடு, துடைக்க முறுக்கிப் பிழிந்த துணிதான்.

தென்காசிக்கு டைல்ஸ் எடுக்கப் போகும்போது நிறம் மாறாமலிருக்க எல்லாப் பெட்டியிலும் பேட்ச் எண் ஒன்றுதானா என்று பார்த்து வாங்கு, நூற்றுக்குப் பத்து கூடுதலாக. அதற்கு முன்னால் பாலிதீன் தாள் என்ன சொல்கிறது என்று எழுது. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மணி