தம்பிக்கு, ஈஸ்டருக்கு முன்

தம்பி,

அப்பாவின் திவசம் முடிந்தது. நீ ஏன் வரவில்லை என்பதை இங்கே எழுத மாட்டேன். அத்தை வீட்டாரும் இதைப் படிப்பார்கள்.

உன் ஞானஸ்நானத்துக்கு வருகிறேன். ஈஸ்டருக்கு முந்தின இரவு, புக்கிட் மெர்தாஜாம் தேவாலயத்தில், முன்வரிசையிலேயே உட்காருகிறேன். இதைச் சொல்ல இவ்வளவு தாமதமானதற்கு மன்னித்துக்கொள். சட்டென்று சரி சொல்லும்படி நீயும் கேட்கவில்லையே.

அந்த விடியற்காலை வார்டில் கட்டிலுக்கு அந்தப்பக்கம் நீ, இந்தப்பக்கம் நான். அப்பாவுக்கு மூச்சு விட்டுவிட்டு வந்தது. திடீரென்று நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தாய். "அக்கா, யாரோ வந்திருக்காங்க. பயப்படாதேன்னு சொல்றாங்க" என்றாய். உன் முகத்தில் அத்தனை நாளாக இருந்த கலவரம் போயிருந்தது. நானும் அதே ஜன்னலைத்தான் பார்த்தேன். மழை, கார் நிறுத்துமிடத்து விளக்கு. வேறொன்றும் இல்லை. ஏன் உனக்கு மட்டும்? ராத்திரியெல்லாம் கண்விழித்து அவர் காலைப் பிடித்துவிட்டவள் நான்.

தூக்கம் கெட்டவனுக்கு அப்படித் தோன்றும் என்று மாமா சொன்னபோது நான் ஒத்துக்கொள்ளவில்லை. உன் முகத்தைப் பார்த்தவள் நான். தைப்பூசத்தன்று பால்குடத்தோடு பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளையும் ஏறி முடித்ததும் எனக்குக் கிடைத்த அனுபவத்துக்கும் பசி, வெயில் என்று காரணம் சொல்லலாம். உடம்பில் ஒரு காரணம் இருப்பதாலேயே கண்டது பொய்யாகிவிடாது. கணக்குப் போடும்போதும் மூளையில் ஏதோ நடக்கத்தான் செய்கிறது, அதனால் விடை தப்பாகிவிடுமா?

வில்லியம் ஜேம்ஸ் என்ற அமெரிக்கத் தத்துவ அறிஞர் 1901, 1902-இல் எடின்பரோவில் ஆற்றிய உரைகளில் இதைப் பேசியிருக்கிறார். இப்படிப்பட்ட அனுபவம் அதை அடைந்தவரைக் கட்டுப்படுத்தும், அப்படிக் கட்டுப்படுத்தும் உரிமையும் அதற்கு உண்டு. வெளியில் இருப்பவர் அதைக் கேள்வியில்லாமல் ஏற்க வேண்டிய கடமை இல்லை என்கிறார். எனக்கு இது நியாயமாகப் படுகிறது. விசுவசிக்க உனக்கு அந்த ஜன்னல் போதும். எனக்குப் போதாது, அங்கே நானும் இருந்தேன்.

ஆனால் உன்னுடையது கடவுள், என்னுடையது மயக்கம் என்றாய். அதுவும் அப்பாவின் காவடி இருக்கும் அறையில் நின்றுகொண்டு. அதை இன்னும் என்னால் விழுங்க முடியவில்லை. உன் அனுபவத்தை நம்பச் சொல்லும் அதே நியாயம் என் அனுபவத்துக்கும் பொருந்தும். இரண்டும் உண்மையாக இருக்க முடியாது என்கிறாயா? அப்படியானால் எது உண்மை என்பதை அனுபவத்தைக் காட்டி மட்டும் தீர்க்க முடியாது. வேறு ஏதாவது வேண்டும். அதை நீ காட்டவில்லை. நானும்தான்.

நல்லா இருடா. அந்த முகத்தோடே இரு.

ஒன்று மட்டும்: தேவாலயத்தில் எல்லார் முன்னாலும் என் மனமாற்றத்துக்காக ஜெபிக்காதே. அடுத்த தைப்பூசத்துக்கு அப்பாவின் நேர்த்திக்கடனை நான் எடுத்துக்கொள்கிறேன். நீ அடிவாரத்துத் தண்ணீர்ப் பந்தல் வரை வந்தால் போதும். படியேறச் சொல்ல மாட்டேன்.

அக்கா