கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு மனுவோடு போங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கூடங்குளம் அணுமின் நிலையத்தின் முதல் இரண்டு உலைகளுக்கு மக்களிடம் கருத்தே கேட்கப்படவில்லை. பயன்படுத்திய எரிபொருளைச் சேமிக்கும் கிடங்குக்காக 2019 ஜூலையில் ராதாபுரத்தில் நடக்கவிருந்த கூட்டமும் தள்ளிவைக்கப்பட்டது. இனி எந்தக் கூட்டம் அறிவிக்கப்பட்டாலும் ஊர்க் கமிட்டிகள் முன்கூட்டியே தயாராக வேண்டும்.

மத்திய அரசின் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, கூட்டம் அறிவித்த பிறகு கருத்துச் சொல்ல குறைந்தது 30 நாள் அவகாசம் உண்டு. சுற்றுச்சூழல் அறிக்கையின் தமிழ்ச் சுருக்கத்தை ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். தராவிட்டால் அன்றே எழுத்தில் புகார் கொடுங்கள். பின்னால் நீதிமன்றத்தில் அதுதான் பேசும்.

கூட்டத்தைப் புறக்கணிப்பது வீண். குறைந்தபட்ச வருகை என்று எதுவும் தேவையில்லை. காலி நாற்காலிகளோடும் கூட்டம் நடந்ததாகப் பதிவாகிவிடும்.

கேள்விகள் குறிப்பாக இருக்கட்டும். ஓர் உலைக்குள் 163 எரிபொருள் கட்டுகள் (யுரேனியக் குழல்களின் கட்டுகள்). கிடங்கு எத்தனை கட்டுகளைத் தாங்கும்? எத்தனை ஆண்டுகளுக்கு? மின்சாரம் நின்றால் குளிர்விக்கும் நீரை எது சுழற்றும்? நிரந்தரப் புதைப்பிடம் எங்கே? 'ஆபத்து' என்று பொதுவாகச் சொன்னால் 'பாதுகாப்பானது' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். மனுவை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள்.

பெரும்பாலும் கோட்டைவிடுவது கடைசியில்தான். நடவடிக்கைக் குறிப்பை அங்கேயே தமிழில் வாசித்துக் காட்டியாக வேண்டும். அதற்குள் வேன் ஏறிவிடாதீர்கள். விட்டுப்போன ஆட்சேபணையை அந்த இடத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள். கூட்டத்தின் வீடியோ பதிவையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

இப்படிக்கு,
கடலோர வாசகர்கள்,
திருநெல்வேலி மாவட்டம்