உதவித் திட்டங்களை நடத்துற அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

உதவித்தொகை, மருத்துவ உதவி, வாடகை உதவி இதெல்லாம் யாருக்குப் போகணும்னு ரூல்ஸ் எழுதுறவங்க, வந்த அப்ளிகேஷனை பாஸ் பண்றதா ரிஜெக்ட் பண்றதான்னு முடிவு எடுக்குறவங்க, உங்க எல்லாருக்கும் சேர்த்துதான் இத எழுதுறேன்.

உங்க ஃபார்ம்ல "மாத வருமானம்"னு ஒரே ஒரு கட்டம் இருக்கு. நாலு வீட்டுல வேலை பாக்குற அம்மாவுக்கு ஃபில் பண்ணிக் குடுக்க உக்காந்தா பேனா அங்கயே நின்னுடுது. போன மாசம் ஒரு வீட்டுக்காரங்க வெளியூர் போயிட்டாங்க, அந்தச் சம்பளம் இல்ல, இந்த மாசம் எக்ஸ்ட்ரா வேலை கிடைச்சுது, அடுத்த மாசம் எப்படின்னு அவங்களுக்கே தெரியாது. "எதைப்பா எழுதறது?"ன்னு நம்ம மூஞ்சியப் பாக்குறாங்க. கம்மியா எழுதினா பொய்க்கணக்குன்னு நாளைக்கு நோட்டீஸ் வருமோன்னு பயம், கூட எழுதினா தகுதி இல்லன்னு தள்ளிடுவீங்க.

ஒரு கட்டம்தானேன்னு விட்டுடாதீங்க. ஆஸ்திரேலியாவுல ரோபோடெட்னு பேர் வாங்குன திட்டம் சறுக்குனது இங்கதான். வருஷ வருமானத்தை எடுத்து ரெண்டு ரெண்டு வாரமா சரிசமமாப் பிரிச்சு, நீ அப்போ இவ்ளோ சம்பாதிச்சிருக்க, வாங்குன உதவியத் திருப்பிக் கட்டுன்னு கம்ப்யூட்டரே கடன் நோட்டீஸ் அனுப்புச்சு. ஆறு மாசம் வேலை இருந்து ஆறு மாசம் வேலை இல்லாம கிடந்தவரும் அந்தக் கணக்குல வருஷம் பூரா சம்பாதிச்சவர்தான். இது சட்டப்படி செல்லாதுன்னு 2019ல கோர்ட்ல முடிவாச்சு, 2023ல வந்த ராயல் கமிஷன் (அரசாங்கம் போட்ட உயர்மட்ட விசாரணைக் குழு) ரிப்போர்ட் மொத்தத் திட்டத்தையும் கடுமையா கண்டிச்சுது. ஆனா நடுவுல அந்த நோட்டீஸைக் கையில வச்சுக்கிட்டு தூக்கமில்லாம இருந்த குடும்பங்களுக்கு அந்த வருஷங்களை யாரு திருப்பிக் குடுக்குறது? நெதர்லாந்துல குழந்தைப் பராமரிப்பு உதவி வாங்குன ஆயிரக்கணக்கான பெற்றோரை மோசடிக்காரங்கன்னு முத்திரை குத்துனாங்க, சிலருக்கு ஒரு கையெழுத்து விட்டுப்போனதுக்கே மொத்தப் பணத்தையும் கட்டச் சொன்னாங்க, கடைசியில 2021 ஜனவரியில அரசாங்கமே ராஜினாமா பண்ண வேண்டியதாச்சு.

ஏமாத்துறவனைப் பிடிக்க வேண்டாமான்னு கேப்பீங்க. பிடிங்க, யாரும் வேணாம்னு சொல்லல. ஆனா உங்க வலையில மாட்டுறது யாருன்னு கொஞ்சம் பாருங்க. 2018ல அமெரிக்காவுல அர்கன்சா மாநிலத்துல, மருத்துவ உதவி வேணும்னா வேலை பாத்த மணிக்கணக்கை மாசாமாசம் ரிப்போர்ட் பண்ணணும்னு ரூல் போட்டாங்க. முதல்ல ஆன்லைன்ல மட்டும்தான் பண்ண முடியும், அந்த வெப்சைட்டும் ராத்திரி 9 மணியில இருந்து காலைல 7 மணி வரைக்கும் மூடியிருக்கும். பகல்ல வேலைக்குப் போறவன் எப்போ அதைத் திறப்பான்? சில மாசத்துலயே 18,000 பேருக்கு மேல உதவி போச்சு. அந்த ரூலுக்கு உட்பட்டவங்கள்ல பெரும்பாலானவங்க ஏற்கனவே வேலை பாத்துக்கிட்டு இருந்தவங்க, இல்லன்னா விலக்கு கிடைக்க வேண்டியவங்கன்னு பின்னாடி ஆய்வுல தெரிஞ்சுது.

நல்லா செஞ்சதுக்கும் உதாரணம் இருக்கு. பிரேசில்ல 2003ல ஏழைக் குடும்பங்களுக்கு மாசாமாசம் பணம் குடுக்குற போல்சா ஃபமீலியாங்கிற திட்டத்தை ஆரம்பிச்சாங்க, பணத்தைப் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் பேர்லயே குடுத்தாங்க, ஏழைக் குடும்பங்களுக்குன்னு ஒரே பதிவேடு வச்சு பல திட்டத்துக்கும் அதையே பயன்படுத்துனாங்க. பதிவேட்டுல விட்டுப்போன குடும்பங்களை 2011க்கு அப்புறம் அரசாங்க ஆளுங்களே தேடிப் போனாங்க. எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது இந்தத் தேடிப் போறதுதான், ஏன்னா ரொம்ப இல்லாதவங்கதான் ஆபீஸ் வாசல் வரைக்கும் வரவே மாட்டாங்க, ஒரு நாள் லீவு போட்டா அன்னைக்குக் கூலி போயிடும்.

அதனால கேக்குறேன். வருமானம் மாசாமாசம் மாறும்னு எழுத ஃபார்ம்ல இடம் விடுங்க. உங்க இன்னொரு டிபார்ட்மென்ட்லயே இருக்குற சர்டிஃபிகேட்டை எங்ககிட்ட திரும்பக் கேக்காதீங்க. ஒருத்தருக்குப் பணத்தை நிறுத்துறதுக்கு முன்னாடி ஒரு அதிகாரி அவங்ககிட்ட நேர்ல இல்ல போன்லயாவது பேசட்டும், காரணத்தை அவங்களுக்குப் புரியுற மாதிரி சொல்லட்டும், அவங்க அப்பீல் பண்ணினா அது முடியுற வரைக்கும் பணம் வந்துக்கிட்டே இருக்கட்டும்.