ஓவிய வகுப்பு குறித்துப் பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அரசு மேல்நிலைப் பள்ளி,
கிருஷ்ணகிரி மாவட்டம்.

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு வணக்கம்.

இந்தப் பருவத்தில் ஒன்பதாம் வகுப்பு ஓவியப் பாடவேளையில் டி.கே. பத்மினி என்னும் ஓவியரின் வாழ்க்கையையும் படங்களையும் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்துகிறோம். பொதுத்தேர்வில் மதிப்பெண் தராத வகுப்புக்கு நேரம் எதற்கு என்று பெற்றோர் கூட்டத்தில் சிலர் கேட்டதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பத்மினி 1940ஆம் ஆண்டு கேரளத்தின் பொன்னானிப் பகுதியில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்த அவரைத் தாய்மாமன் ஆதரித்துப் படிக்கவைத்தார். பிள்ளையின் கைத்திறன் பள்ளி ஓவிய ஆசிரியரின் கண்ணில் பட்டது; பின்னர் ஓவியர் நம்பூதிரியிடம் பயின்றார். ஓவியம் கற்பதற்கென்று ஒரு பெண்ணை வெளியூருக்கு அனுப்புவது அரிதாக இருந்த 1960களின் தொடக்கத்தில், அவர் சென்னைக்கு வந்து, 1850இல் தொடங்கப்பெற்று இன்று அரசு கவின்கலைக் கல்லூரியாக இயங்கிவரும் நிறுவனத்தில் கே.சி.எஸ். பணிக்கரின் மாணவியானார். படிப்பு முடிந்ததும் சென்னைப் பள்ளிகளில் ஓவிய ஆசிரியையாகப் பணியாற்றினார்.

பகலெல்லாம் பிள்ளைகளுக்குக் கற்பித்துவிட்டு, எஞ்சிய பொழுதில்தான் அவர் வரைந்தார் என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டும். அவர் படங்களில் வரும் பெண்கள் பிறர் பார்ப்பதற்காக அலங்கரித்து நிற்பவர்கள் அல்லர். சொந்த ஊரின் வயலும் மரமும் சூழ, தம் நினைவில் ஆழ்ந்திருப்பவர்கள். பட்டம் பறக்கவிடும் பெண்ணை அவர் தம் இறுதிக் காலத்தில் வரைந்தார். ஓவியர் ஒருவரை மணந்துகொண்ட பத்மினி, 1969 மே மாதம் மகப்பேற்றின்போது காலமானார், குழந்தையும் பிழைக்கவில்லை. முப்பது வயதைக்கூட எட்டாத அந்த வாழ்வில் அவர் வரைந்தவை 200க்கும் மேற்பட்டவை என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பும் வேதனையும் சேர்ந்தே எழுகின்றன.

நம் மாவட்டத்து மல்லப்பாடியின் பாறை ஓவியங்களைப் பிள்ளைகள் அறிவார்கள். வரைவது இந்த மண்ணுக்குப் புதிதன்று.

ஆகவே, ஓவியப் பாடவேளை இனி வேறு பாடத்தின் தேர்வுக்காக எடுத்துக்கொள்ளப்படாது. வீட்டில் மகள் வரைய உட்கார்ந்தால், வேலையைச் சொல்லி எழுப்பிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அரசு தொழில்நுட்பத் தேர்வில் ஓவியப் பாடத்தின் லோயர், ஹையர் நிலைகளை எழுத விரும்புவோரும், பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் சென்னை அல்லது கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில் சேர விரும்புவோரும், பெற்றோருடன் வந்து ஓவிய ஆசிரியரையோ என்னையோ பள்ளி நேரத்தில் சந்திக்கலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்