முதலாம் தவணை நிறைவு: பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்பான பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

முதலாம் தவணை நல்லபடியாக முடிந்தது. இல்ல மெய்வல்லுநர் போட்டி சிறப்பாக நடந்தது. காலபோக வெட்டு நேரத்தில் குறைந்திருந்த வரவு இப்போது சரியாகிவிட்டது. சிரமதானத்துக்கு வந்து கிணற்றடியைத் துப்புரவாக்கியவர்களுக்கு நன்றி. முன்னேற்ற அறிக்கைகளை வகுப்பாசிரியர்களிடம் பெற்றுக்கொள்ளுங்கள்.

அப்புறம், தரம் 10 பிள்ளைகளின் வழக்காடு மன்றம் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. அனுராதபுரத்தை ஆண்ட அரசி அனுலா குற்றவாளியா என்பது வழக்கு. "பொம்பிளைப் பிள்ளையளுக்கு இந்தக் கதையெல்லாம் ஏன் சேர்?" என்று சில பெற்றோர் கேட்டீர்கள். கேட்டதில் பிழையில்லை. கணவன் சோரநாகனுக்கும், அவனுக்குப் பின் வந்த குடதீசனுக்கும் நஞ்சு வைத்தாள். காவலன், தச்சன், விறகு சுமந்தவன், புரோகிதன் என்று நாலு பேரை அடுத்தடுத்து அரசனாக்கி அவர்களையும் கொன்றாள் என்றுதான் பழைய பௌத்த வரலாற்று நூலான மகாவம்சம் சொல்கிறது. வீட்டில் இருந்து பேசுகிற கதையில்லைத்தான்.

ஆனால் பிள்ளைகள் அதைக் கிசுகிசுவாகப் பேசவில்லை. அவளுக்கு எதிராக வாதாடிய தரப்பு அவளது ஆட்சியைத்தான் கேள்விக்கு எடுத்தது. நாலு வருடத்துக்குள் நாலு அரசர் மாறினால் நாட்டில் எந்த வேலை நடக்கும் என்று கேட்டார்கள். அவள் பெயரில் ஒரு குளமாவது உண்டா என்று ஒரு மாணவன் கேட்டபோது கைதட்டல் எழுந்தது. குளத்தை நம்பி விதைக்கிற ஊரில் அந்தக் கேள்வி எடுபடாமல் போகுமா? தனி அரசியாக அவள் இருந்தது நாலு மாதம்தான், அதற்குள் என்ன கட்டுவது என்று மறுதரப்பு திருப்பிக் கேட்டது.

அவளுக்காக வாதாடிய மாணவி சாட்சியைக் கேள்விக்கு எடுத்தாள். அனுலாவின் காலம் கி.மு. 47 முதல் 42 வரை. மகாவம்சம் எழுதப்பட்டது ஐந்நூறு வருடத்துக்கும் பிறகு. அதற்கு முந்திய தீபவம்சத்திலும் அவள் வருகிறாள்; ஆனால் இரண்டுமே அனுராதபுரத்துப் பௌத்த மடமான மகாவிகாரை மரபில் வந்த நூல்கள். ஒரு வீட்டிலிருந்து வந்த இரண்டு சாட்சிகள் என்றாள் அந்தப் பிள்ளை. அனுலாவைக் கொன்று அரசேறிய குடகண்ண தீசன், நஞ்சில் இறந்ததாகச் சொல்லப்படும் குடதீசனின் தம்பி. 22 வருடம் ஆண்டான். வென்றவன் தரப்புக் கதை நிலைத்து நிற்க அது போதாதா என்பது அந்த மாணவியின் வாதம்.

அந்த நாலு பேரில் தச்சன் வடுகனும் புரோகிதன் நீலியனும் தமிழர் என்பதால்தான் அரசிக்குக் கெட்ட பெயர் என்று இன்னொருவன் சொன்னான். நம் பக்கத்தில் சட்டென்று ஏற்கப்படும் வாதம் இது. வரலாற்று ஆசிரியர் அதை விடவில்லை. தமிழ் மன்னன் எல்லாளன் 44 வருடம் நீதியோடு ஆண்டதாக எழுதியதும் இதே மகாவம்சம்தானே, சிங்கள அரசனான சோரநாகனை நரகத்துக்கு அனுப்பியதும் அதே நூல்தானே என்று மறித்தார். என்னைக் கேட்டால், அரசியின் நிர்வாகத்தை மெச்ச எதுவும் கிடைக்கவில்லை. அதற்காக ஆறு கொலைகளையும் அந்தச் சாட்சியங்களை மட்டும் வைத்து அவள் தலையில் கட்டவும் மனம் வரவில்லை.

விடயம் இதோடு முடிந்திருக்க வேண்டும். அன்றிரவே பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் அந்த மாணவியின் படத்தைப் போட்டு "எங்கட அனுலா" என்று எழுதினார்கள். பகிடியாகத்தான் தொடங்கியிருக்கும். அடுத்த நாள் பஸ்ஸுக்குள்ளும் அந்தப் பெயர் ஏறிவிட்டது. "சாப்பாடு குடுத்தால் வாங்காதேங்கோ" என்றும் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளை இரண்டு நாள் பாடசாலைக்கு வரவில்லை.

இதைத் தெளிவாகவே சொல்கிறேன். வழக்கில் ஒரு தரப்பைப் பேசும்படி ஆசிரியர் கொடுத்தார், அவள் பேசினாள். அதற்காக அவளுக்குப் பட்டம் வைப்பதைப் பாடசாலை பொறுக்காது. மாணவர் செய்தால் ஒழுக்காற்றுக் குழு விசாரிக்கும். பெரியவர்கள் செய்தால் அலுவலகத்துக்கு அழைத்து நேரில் பேசுவேன். எந்தப் பிள்ளையின் படத்தையும் அதன் பெற்றோரைக் கேட்காமல் குழுவில் போட வேண்டாம். போட்டவர்கள் இன்றே அழித்துவிடுங்கள்.

தலைப்பு பிடிக்காதவர்கள் என்னிடமோ வகுப்பாசிரியரிடமோ தாராளமாகச் சொல்லுங்கள். அடுத்த தவணைக்கு லீலாவதி அரசியை எடுக்கலாம் என்று ஆசிரியர் சொல்லியிருக்கிறார். பொலன்னறுவையில் மூன்று தடவை அரசேறியவர். அதிலும் வாதாட நிறைய இருக்கிறது. பெற்றோரும் வந்து கேட்கலாம், கதிரை போட்டு வைக்கிறோம்.

அந்த மாணவியின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்ட அம்மாக்களுக்கு என் மனமார்ந்த நன்றி. பிள்ளை இப்போது ஒழுங்காக வருகிறாள். விடுமுறையில் பிள்ளைகளைக் குளத்துப் பக்கம் தனியே விடாதீர்கள். அடுத்த தவணைக்கான புத்தகப் பட்டியல் அறிவித்தல் பலகையில் உள்ளது.

இப்படிக்கு,
அதிபர்