சி.டி.க்குள் நான்கு சுற்று

நீடாமங்கலம்,
மே 20

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது என்று படித்ததும்தான் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். ஜூன் 12 மேட்டூர் அணை திறக்கும்வரை போர்வெல்தான் கதி. குறுவை நாற்றங்கால் அதை நம்பித்தான் கிடக்கிறது.

போன கோடையில் தண்ணீர் கீழே போனது தெரியாமல் ஓடி மோட்டார் எரிந்ததும், காயில் கட்டக் கொடுத்துவிட்டு நாற்று காய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றதும் உனக்குத் தெரியும். அது மறுபடி நடக்கக் கூடாது என்றுதான் ஆர்டுயினோ என்ற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டில் ஒரு காவல் சர்க்யூட் செய்தேன். என் 5 எச்.பி. மோட்டார் தண்ணீர் இறைக்கும்போது ஏழரை ஆம்பியர் இழுக்கிறது. தண்ணீர் இல்லாமல் வெறுமனே ஓடினால் நாலுக்கு இறங்கிவிடும். அந்த வித்தியாசம் பிடிபட்டால் போதும்.

அதுதான் பிடிபடவில்லை. நான் வாங்கியது 100 ஆம்பியர் சி.டி., அதாவது ஓட்டைக்குள் போகும் வயரின் கரண்டைச் சிறிதாக்கிக் காட்டும் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர். நூறு ஆம்பியர் ஓடினால் 50 மில்லி ஆம்பியர் தரும். 33 ஓம் ரெசிஸ்டர் போட்டு அதை வோல்டேஜ் ஆக்கினால், ஒரு ஆம்பியருக்கு 16.5 மில்லிவோல்ட். ஆர்டுயினோ 5 வோல்ட்டை 1024 படியாகத்தான் பார்க்கும். ஒரு படி கிட்டத்தட்ட 5 மில்லிவோல்ட். ஆக, ஆம்பியருக்கு மூன்று படிதான். நெல் மூட்டை நிறுக்கும் தராசில் மூக்குத்தியை வைத்த மாதிரி. ப்ரோக்ராமில் பெருக்கிப் பார்த்தேன். அளவோடு ஆட்டமும் சேர்ந்து பெருகியது. படிக்கு வருமுன்பே பெரிதாக்க வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது.

மோட்டாருக்குப் போகும் ஒரு ஃபேஸ் வயரை சி.டி. ஓட்டைக்குள் நான்கு தடவை நுழைத்துச் சுற்றினேன். அவ்வளவுதான்! ஏழரை அதற்கு முப்பதாகத் தெரிகிறது. ப்ரோக்ராமில் நாலால் வகுத்துவிடுகிறேன். வயரைக் கவ்வி கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டரை வைத்துப் பார்த்துக் கடைசிப் பெருக்கெண்ணைத் திருத்திக்கொண்டேன். ஸ்டார்ட் ஆகும்போது ஐந்தாறு மடங்கு கரண்ட் பாயும் அல்லவா, அதிலிருந்து காக்க ஆர்டுயினோவின் நுழைவில் ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டரும் இரண்டு டயோடும் உண்டு. முதல் ஐந்து நொடி அளவைக் கணக்கில் எடுப்பதில்லை.

வோல்டேஜை அளக்கும் பக்கம் சுலபம், அதற்குத் தனி சென்சார். ஒன்று மட்டும் மறக்காதே: மீட்டர் 230 காட்டினாலும் அலையின் உச்சம் 325. சென்சாரின் திருகைத் திருப்பும்போது அந்த உச்சத்துக்கு மேலும் கொஞ்சம் இடம் விடு.

அப்புறம், உன் இறால் குட்டை ஏரேட்டருக்கு எத்தனை சுற்று என்று கேட்டிருந்தாய். 2 எச்.பி. மூன்று ஃபேஸ் என்றால் மூன்று ஆம்பியர்தான் இழுக்கும். எட்டுச் சுற்று போடு. ஓட்டைக்குள் வயர் நுழைகிறதா என்று பார்த்து எழுது. மெயினை அணைத்துவிட்டுக் கை வை.

அன்புடன்,
உன் நண்பன்